எண்பது வயது செஸ்னாவும் ஒரு 737 கேப்டனும்

கேள்வி: அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் குடியிருக்கிறேன். ஒரு விமான நிறுவனத்தில் போயிங் 737 கேப்டன், வயது 47. சம்பளத்துக்காகப் பறந்து பறந்து, பறப்பதில் இருந்த ஆசையே வற்றிப்போய்விட்டது. வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் ஒரு புல்தரை ரன்வே இருக்கிறது. பழைய கப், சாம்ப், செஸ்னா ரகச் சிறு விமானங்கள் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் அங்கே கூடுகிறார்கள். சில தடவை போனேன். நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் நான் ஏர்லைன் கேப்டன் என்று சொன்னதும் பேச்சு சுருங்கிவிட்டது. அவர்களில் ஒருவர் தன்னுடைய 1946 செஸ்னா 140-ஐ விற்கப் போகிறார். அதை வாங்கிவிட்டால் நானும் அவர்களில் ஒருவன் ஆகிவிடுவேனா? ஜூலையில் எல்லோரும் சேர்ந்து விஸ்கான்சினில் நடக்கும் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குப் பறக்கிறார்கள், அதற்குள் தயாராக முடியுமா? என் மனைவிக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. 'எண்பது வருஷத்துத் தகரத்தில் போய் ஏறணுமா' என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

கேப்டன், வாங்கலாம். ஆனால் இப்போது வேண்டாம். முதலில் அந்தச் சனிக்கிழமைக் கூட்டம், அப்புறம் டெயில்வீல் (வாலில் சின்னச் சக்கரம் உள்ள விமானம்) பயிற்சி, விமானம் அதற்கும் அப்புறம். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறீர்கள். நான் டெயில்வீல் சொல்லிக்கொடுக்கிறவன், பழைய விமானங்களின் வருடாந்திர ஆய்வில் கையெழுத்துப் போடும் மெக்கானிக்கும்கூட. ஏர்லைன் பைலட்டுகள் இந்த வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்கிற வேலை எனக்கு.

பேச்சு ஏன் சுருங்கியது? உங்கள்மேல் அவர்களுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. உங்களுக்கு முன்னால் வந்த கேப்டன்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிலர் வந்ததும் பாடம் எடுப்பார்கள், சிலர் முதல் வாரமே விமானத்தை வாங்கி மூன்றாம் வாரம் ரன்வேயில் சுழற்றி இறக்கை நுனியை உடைத்துவிட்டு, இன்சூரன்ஸ் பணம் வந்ததும் காணாமல் போவார்கள். அப்படி உடைந்தது அந்தக் கூட்டத்துக்கு ஓர் ஆள் இழப்பு மாதிரி, ஏனென்றால் செஸ்னா 120, 140 வரிசையை நிறுவனம் 1951-லேயே நிறுத்திவிட்டது, ஏழாயிரத்துச் சொச்சம் செய்ததோடு சரி, உடைகிற ஒவ்வொன்றும் ஒன்று குறைவுதான். அதனால் புதிதாக வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று கொஞ்ச நாள் வேடிக்கை பார்ப்பார்கள். உங்கள் தோளில் நான்கு கோடு இருப்பது அங்கே எந்தக் கணக்கிலும் சேராது. யாருடைய விமானம் ஆய்வுக்காகத் திறந்து கிடந்தபோது யார் வந்து நின்றார்கள் என்பதுதான் கணக்கு.

அதனால் அடுத்த சனிக்கிழமை போகும்போது விமானம் வாங்குவதைப் பற்றிப் பேசாதீர்கள். 'அடுத்து யாருக்கு ஆனுவல் வருகிறது, நான் வந்து ஸ்க்ரூ கழற்றலாமா' என்று கேளுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆய்வு உண்டு. லைசென்ஸ் உள்ள மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் நீங்கள் வேலை செய்யலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது, ஆய்வை மட்டும் அவரேதான் செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை, ஏனென்றால் கழற்ற வேண்டிய மூடிகள் அவ்வளவு இருக்கும்.

அங்கே என்ன பார்ப்பீர்கள் என்று சொல்கிறேன். இறக்கையின் அடியில் உள்ள சின்ன வட்ட மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்தால் உள்ளே எலிக்கூடு இருக்கலாம். பஞ்சும் வைக்கோலுமாக இருக்கும், பார்க்கச் சாதாரணம், ஆனால் எலியின் மூத்திரம் அலுமினியத்தை அரித்துவிடும், அதனால் கூட்டை எடுத்ததோடு வேலை முடியாது, அதன் கீழே இருக்கும் உலோகத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் கம்ப்ரஷன் சோதனை. ஸ்பார்க் ப்ளக் துளை வழியாக 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றை விட்டு, சிலிண்டர் அதில் எவ்வளவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ப்ரொப்பெல்லரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், விட்டால் சுழன்று கையை உடைத்துவிடும். மற்றவர் காதை வைத்துக் கேட்பார். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். நாலு சிலிண்டரும் முடிவதற்குள் அந்த எஞ்சினைப் பற்றி உங்களுக்கு ஓரளவு புரிந்துவிடும், கூட நிற்கிறவருக்கு உங்களைப் பற்றியும் புரிந்துவிடும்.

இதை நான் மரியாதை சம்பாதிக்கும் வழியாக மட்டும் சொல்லவில்லை. 737-இல் ஏதாவது பழுது என்றால் டெக் லாகில் எழுதுகிறீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ சரி செய்து வைக்கிறார்கள். 1946 விமானத்துக்கு அந்த யாரோ கிடையாது. எந்த பிரேக்குக்கு எந்த க்ளிப் சரியாக உட்காரும், டெயில்வீல் ஏன் ஆட்டம் போடுகிறது, எந்த வாஷர் எங்கே போகும் என்பதெல்லாம் பாதி அந்த ரக விமான உரிமையாளர்களின் சங்கத்தில் இருக்கிறது, மீதி அந்தச் சனிக்கிழமை மனிதர்களின் தலையில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு வயது எழுபது, எண்பது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும், அவசரம் என்று ஒன்று இருந்தால் அது இதில்தான். இன்டர்நேஷனல் செஸ்னா 120-140 அசோசியேஷனில் விமானம் வாங்குவதற்கு முன்பே உறுப்பினர் ஆகுங்கள், ஈ.ஏ.ஏ. (எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்) என்ற விமான ஆர்வலர் அமைப்பின் உள்ளூர்க் கிளையிலும், அதன் வின்டேஜ் பிரிவிலும் சேருங்கள். செலவு பெரிதில்லை.

சரி, பறப்பதற்கு வருவோம். இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் ஜெட் பறப்பு மணி நேரங்கள் 140-இல் உதவுவது குறைவு, சில இடங்களில் உபத்திரவம். முதலாவது உங்கள் கால். 737-இல் திருப்பத்தின்போது ரடரைத் தானாகவே இயக்கும் யா டேம்பர் என்ற கருவி பார்த்துக்கொள்கிறது, ரன்வே ஓட்டத்திலும் குறுக்குக் காற்று லேண்டிங்கிலும் எஞ்சின் நிற்கும்போதும்தான் பெடலுக்கு வேலை. வருடக்கணக்கில் இப்படியே போனதில் கால் தூங்கிவிடுகிறது. பழைய விமானத்தில் எய்லரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) ஒரு பக்கம் சாய்த்தால் மூக்கு மறு பக்கம் ஓடும், பெடலால் திருப்பும் வால் ரடரும் கூடவே போக வேண்டும். அது காற்றில், சமாளித்துவிடலாம். தரையில் விஷயம் வேறு. டெயில்வீல் விமானத்தின் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் வால் லேசாக ஒரு பக்கம் விலகினால் அந்த எடையே அதை இன்னும் தள்ளும், நீங்கள் தடுக்கவில்லை என்றால் வால் மூக்கை முந்திக்கொண்டு சுற்றிவிடும். இதுதான் கிரவுண்ட் லூப். தடுக்கும் வேலை முழுக்கக் காலுக்கு, அதுவும் சின்னச் சின்னதாக, முன்கூட்டியே.

இரண்டாவது உங்கள் கண். 737 தரையைத் தொடும்போது உங்கள் கண் பத்தடிக்கும் மேலே இருக்கிறது, சுமார் 20 அடியில் ஃப்ளேர், அதாவது மூக்கை நிமிர்த்துவதை, ஆரம்பிக்கப் பழகியவர் நீங்கள். 140-இல் அதே காட்சி கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் நிமிர்த்தினால் விமானம் காற்றிலேயே நின்றுபோய்ச் சில அடி கீழே தொப்பென்று விழும், சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் ஸ்டீல் கால்கள் அதைத் திரும்ப மேலே எறியும், இரண்டாவது தடவை விழும்போது மூக்கு எங்கே பார்க்கும் என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் வரும் ஏர்லைன் பைலட்டுகளில் பெரும்பாலோர் முதல் நாள் இதைத்தான் செய்கிறார்கள். இன்னும் ஒன்று, குறுக்குக் காற்றில் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டே தொடும் பழக்கம். ஜெட்டின் கால்கள் தாங்கும். இங்கே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே தொட்டால் மேலே சொன்ன கிரவுண்ட் லூப்பை நீங்களே கூப்பிட்டது மாதிரி. காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர் ரடர் கொடுத்து, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் வைக்க வேண்டும். தொட்ட பிறகும் முடியவில்லை, டாக்ஸி செய்து கட்டிப்போடும் வரை நீங்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

எஞ்சின் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கார்ப்பரேட்டர் ஐஸ். கான்டினென்டல் 85 குதிரைத்திறன் எஞ்சின் ஈரப்பதமான நாளில், வெளியே குளிரே இல்லாதபோதும், கார்ப்பரேட்டருக்குள் ஐஸ் கட்டிவிடும். பவரைக் குறைப்பதற்கு முன்னால் கார்ப்பரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை இழுக்கும் பழக்கம் கைக்கு மறுபடி வர வேண்டும்.

சட்டப்படி உங்களுக்கு டெயில்வீல் எண்டோர்ஸ்மென்ட், அதாவது பயிற்சியாளரின் எழுத்துச் சான்று, வேண்டும். சாதாரண, குறுக்குக் காற்று டேக் ஆஃப், லேண்டிங், வால் தூக்கியபடி முன் சக்கரங்களை மட்டும் வைக்கும் வீல் லேண்டிங், இறங்காமல் மறுபடி மேலேறும் கோ அரவுண்ட், இவ்வளவும் பயிற்சியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் எட்டு, பத்து மணி நேரம். ஒரு ஏரோங்கா சாம்பில் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் ஓஹையோவில் மிடில்டவுனில் செய்த விமானம்தான் அது, தனியாகப் பறக்கும்போது முன் சீட்டில் உட்காரலாம், கப் மாதிரி பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டாம். பிறகு ஆளை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டுமானால் கடைசி 90 நாளில் டெயில்வீலில் மூன்று டேக் ஆஃப், முழுதாக நிறுத்திய மூன்று லேண்டிங் வேண்டும், 737 லேண்டிங் எத்தனை இருந்தாலும் இதில் சேராது. கம்பெனிச் சோதனைகள் இருப்பதால் இரண்டு வருட ஃப்ளைட் ரிவ்யூவிலிருந்து உங்களுக்குச் சட்டப்படி விலக்கு உண்டு. அந்த விலக்கைப் பயன்படுத்தாதீர்கள். வருடா வருடம் ஒரு பயிற்சியாளரோடு 140-இலேயே ஒரு மணி நேரம் போங்கள்.

உங்களிடம் அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சரியாக வரவில்லை என்றால் தயங்காமல் கோ அரவுண்ட் போவது, வானிலை பார்த்து 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்வது, செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படிப்பது, இதெல்லாம் உங்கள் எலும்பில் ஊறியது, புல்தரை ரன்வேக்களில் இது எல்லோரிடமும் இல்லை. வாயால் சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள். காற்று அதிகமாக இருக்கும் ஒரு சனிக்கிழமை, ஏர்லைன் கேப்டன் விமானத்தை வெளியே எடுக்காமல் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தயங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கும் உட்கார தைரியம் வரும்.

இனி அந்த 1946 செஸ்னா. நல்ல தேர்வு, சொல்லப்போனால் முதல் வின்டேஜ் விமானத்துக்கு நானும் அதைத்தான் சொல்வேன். உடல் அலுமினியம், இறக்கை துணி, இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில், ஸ்டார்ட்டர் உண்டு, அதனால் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஆபத்து இல்லை. எடையை மட்டும் இன்றைக்கே கணக்குப் போடுங்கள். மொத்த எடை வரம்பு 1,450 பவுண்டு. காலி விமானம் 940 என்று வைத்துக்கொண்டால், 25 கேலன் பெட்ரோல் 150, நீங்களும் இன்னொருவரும் ஆளுக்கு 180, அதோடு சரி, பெட்டி வைக்க இடம் இருக்கும், எடை இருக்காது. காகிதத்தில் உள்ள காலி எடையை நம்பாமல் தராசில் வைத்துப் பார்த்த விமானமா என்று கேளுங்கள், எண்பது வருடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பொருத்தியிருப்பார்கள்.

ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (விமானப் போக்குவரத்து அரசு அமைப்பு) பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் முழு ஆவணமும் வாங்கலாம். அதில் உள்ள 337 என்ற எண் படிவங்களை (பெரிய பழுதுபார்ப்பும் மாற்றமும் பதிவான தாள்கள்) எடுத்துக்கொண்டு ஹேங்கருக்குப் போய் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள், விமானத்தில் இருப்பது காகிதத்தில் இல்லை என்றால் அந்தச் செலவு இனி உங்களுடையது. கால்கள் உடலில் மாட்டும் இடத்தில் உள்ள கியர் பாக்ஸை, கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும், பழைய கிரவுண்ட் லூப்பின் விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். சக்கரத்தை முன்னால் தள்ளி வைக்கும் எக்ஸ்டெண்டர்கள் இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பலமாக பிரேக் அடித்தால் மூக்குக் குத்திக் கவிழாமல் இருக்கப் போட்டது அது, ஆனால் கால்களுக்கு முறுக்கு விசையைக் கூட்டுகிறது. துணி எப்போது போட்டது, எந்த வகை, சோதனை செய்தார்களா என்று கேளுங்கள்.

வாங்குமுன் சோதிக்கும் மெக்கானிக், அந்த விமானத்துக்கு வழக்கமாக ஆனுவல் செய்பவராக இருக்கக்கூடாது. விற்கிறவர் நல்ல மனிதராக இருக்கலாம், நண்பராகக்கூட ஆகலாம், இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், நேர்மையான ஆள் இதற்கு வருத்தப்பட மாட்டார். விலை பேசுவதற்கு முன் இன்சூரன்ஸ்காரரிடம் பேசுங்கள். உங்கள் ஜெட் மணி நேரத்தை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, டெயில்வீலில் எவ்வளவு, இந்த ரகத்தில் எவ்வளவு என்றுதான் அடுத்துக் கேட்பார்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் லைசென்ஸ் ஒன்றுதான். சனிக்கிழமை 140-இல் தெரியாமல் தடைசெய்யப்பட்ட வான்பரப்புக்குள் நுழைந்தால் அது திங்கட்கிழமை உங்களைக் கேப்டன் சீட்டில் உட்கார வைக்கும் அதே லைசென்ஸின் மேல்தான் விழும். ஏதாவது நடந்துவிட்டால் பத்து நாளுக்குள் நாசாவின் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற விமானப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்பிவிடுங்கள், கம்பெனியில் இருக்கும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டம் இங்கே கூட வராது. சொந்தப் பறப்பைப் பற்றி உங்கள் கம்பெனிக் கையேடு என்ன சொல்கிறது என்பதையும், லைஃப் இன்சூரன்ஸில் இதற்கு விலக்கு ஏதும் போட்டிருக்கிறார்களா என்பதையும் படித்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கப் பறந்துவிட்டு வந்த காலையில் 140-ஐத் தொடாதீர்கள்.

ஆஷ்காஷ்: இந்த ஜூலையில் விமானம் ஓட்டிப் போகாதீர்கள். உங்கள் கூட்டத்தில் யாராவது கூட வரச் சொன்னால் வலது சீட்டில் உட்கார்ந்து போங்கள், இல்லையென்றால் காரில் போங்கள். அங்கே பறந்து போய் இறங்க, ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் என்ற ஊர் வரை ரயில் தண்டவாளத்தின் மேலேயே, ஒன்றன் பின் ஒன்றாக அரை மைல் இடைவெளியில், 1,800 அடியில், 90 நாட் வேகத்தில் போக வேண்டும். கன்ட்ரோலர் உங்களை நிறத்தையும் ரகத்தையும் சொல்லிக் கூப்பிடுவார், நீங்கள் பேசக்கூடாது, இறக்கையை ஆட்ட வேண்டும், அப்புறம் ரன்வேயில் வண்ணப் புள்ளி ஒன்றைச் சொல்லி அங்கே இறங்கச் சொல்வார். 140-க்கு அந்த 90 நாட் ஏறக்குறைய முழு மூச்சு, கப் அந்த வேகத்தை எட்டவே எட்டாது. புதிதாகக் கற்ற கால்களோடு அங்கே முதல் தடவை போவது சரியில்லை. வின்டேஜ் பகுதியில் விமானத்தின் இறக்கைக்குக் கீழே கூடாரம் போட்டிருப்பவர்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து பேசுங்கள், நீங்கள் வாங்கப் போகும் ரகத்தில் பல விமானங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். அந்த விமானத்தளத்துக்கு ஸ்டீவ் விட்மன் பெயர். பந்தய விமானி, 140-இன் ஸ்பிரிங் ஸ்டீல் கால்கள் அவருடைய யோசனை, செஸ்னா அதை அவரிடமிருந்துதான் வாங்கியது.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை அவரிடமே ஒப்புக்கொள்ளுங்கள். தனியார் சிறு விமானம் ஏர்லைன் அளவுக்குப் பாதுகாப்பானது இல்லை, கிட்டவே வராது. 'நான் கேப்டன், எனக்கு ஒன்றும் ஆகாது' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உண்மையும் இல்லை, அவருக்கு ஆறுதலும் இல்லை. ஆபத்தைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். 1946-இல் இந்த விமானம் இடுப்பு பெல்ட்டோடு மட்டும்தான் வந்தது. வாங்கினால் முதல் செலவு இரண்டு சீட்டுக்கும் தோள் பெல்ட், புது ரேடியோவும் பெயின்ட்டும் அப்புறம். சின்ன விபத்தில் தலை டேஷ்போர்டில் மோதாமல் காப்பது அதுதான். இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு அலாரம். கேபின் ஹீட்டர் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வரும் காற்றைத்தான் உள்ளே அனுப்புகிறது, குழாயில் விரிசல் விட்டால் குளிர்காலத்தில் வாசனையே இல்லாமல் ஆளை மயக்கிவிடும்.

அவரை ஒருமுறை அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள், பறக்க இல்லை, சும்மா. அங்கே வரும் மற்ற மனைவிகளிடம் அவரே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். பிறகு, நீங்கள் 140-இல் ஒரு முப்பது நாற்பது மணி நேரம் தனியாகவும் பயிற்சியாளரோடும் பறந்த பிறகு, அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும், காற்றில்லாத ஒரு காலையில் இருபது நிமிடம். எப்போது திரும்புவது என்பதை அவர் சொல்லட்டும். வர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்து சீட்டில் உட்கார அந்தக் கூட்டத்தில் ஆள் கிடைப்பார்கள்.